ஜேர்மன் மாப்பிள்ளையின் 'பாப்பம்'

பொய் சொல்லத் தெரியாத அரசியல்வாதி உலகத்தில் ஒரேயொருவர்தான் பிறந்தார். அவரும் போயும் போயும் ரொறன்ரோவின் வோபர்ன் தொகுதியில் வந்து தேர்தல் கேட்டார். அவருக்குப் பொறுப்பாளராக ஓடித்திரிந்த பாவி நான்.

அவருடைய பெயரைச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஜேர்மன் மாப்பிள்ளை என்றால் நாய்க்குட்டியும் வீட்டைக் காட்டும். அசல் ஜேர்மன்காரர். படிக்கிற காலத்தில் ஒரு உணவகத்தில் எங்கள் பெடியளோடு கோப்பை கழுவி, முதலில் தூஷணமும் பிறகு தமிழும் பழகியவர். பொருளாதாரத்தில் டொக்டர் பட்டம் வாங்கி, கூடக் கழுவிய ஒருவரின் தங்கையைக் கட்டி, ரொறன்ரோவில் இருபது வருஷம் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். ஐம்பத்தெட்டு வயதிலும் ஊருக்கு மாப்பிள்ளைதான்.

திடீரென்று வேலையை விட்டார். "பொருளாதாரம் படிப்பிச்சது காணும். இனிச் செய்யவேணும். மாநகரசபைக்கு நிக்கிறன்."

நான் கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டுகிற நேரம் பற்றரி இறங்கிவிடுமோ என்று மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் அதிகம் வேர்க்கும். ஆனால் எல்லா அன்ரிமாரையும் தெரியும். அந்த ஒரு தகுதி அவருக்குப் போதுமாக இருந்தது.

முதல் வீட்டு அங்கிள், "வரியையும் குறைக்கவேணும், றோட்டையும் திருத்தவேணும்," என்றார்.

"ரெண்டும் ஏலாது. ஒண்டைச் சொல்லுங்கோ."

அங்கிள் கதவைச் சாத்தினார்.

பத்து வீடு, பத்து 'ஏலாது'. எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. "அண்ணை, எங்கட சனத்திட்ட ஏலாது எண்டு சொல்லப்படாது. 'பாப்பம்' எண்டு சொல்லுங்கோ."

"நல்லது. பாப்பம்," என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பாப்பம், அதாவது பார்ப்போம் என்றால் எங்கள் அகராதியில் 'அதை மறந்துவிடு' என்று விளக்கவேண்டும் என எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஒரு அன்ரி அழைத்தார். "தம்பி, உம்மட வெள்ளைக்காரர் றபர் சப்பாத்தோட என்ர பேஸ்மென்டுக்குள்ள நிக்கிறார்! நான் இன்னும் முகமும் கழுவேல்லை!"

ஓடினேன். கணுக்கால் தண்ணீரில், கையில் ரோர்ச்சோடு, சந்தோஷமாக நின்றார். "நேற்று பாப்பம் எண்டனான். பாத்திட்டன். வெளியில கூரைத்தண்ணி ஓடுற பீலி உடைஞ்சிருக்கு."

கதை பரவியது. பட்ட மரம், திறக்காத கராஜ் கதவு, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாவற்றையும் அவர் போய்ப் பார்த்தார். ஒரு அம்மா வாய்தவறி, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டும் என்றுவிட்டார். இவர் நகரத்தின் மறுமுனையில் ரெக்ஸ்டேல் வரைக்கும் போய் ஒரு பெடியனைப் பார்த்துவிட்டே வந்தார். "நல்ல உயரம். பல்லுச் சுத்தம். மூண்டு வருஷத்தில நாலு வேலை மாறியிருக்கிறார். நான் எண்டால் குடுக்கமாட்டன்."

தேர்தலுக்கு எட்டே நாள். பாதித் தெருக்களில் இன்னும் கதவே தட்டவில்லை. நான் வெடித்துவிட்டேன். "அண்ணை! பாப்பம் எண்டால் பாக்கிறேல்லை எண்டு அர்த்தம்!"

குறிப்புப் புத்தகத்தை வெளியில் எடுத்தார். "அப்ப ஏன் என்னைச் சொல்ல வைச்சனீர்?" பிறகு புத்தகத்தைப் புரட்டினார். "இன்னும் பத்தொன்பது கிடக்கு. சொல்லிப்போட்டன். பாக்கத்தான் வேணும்."

பார்த்தார். வேட்பாளர்கள் எல்லோரும் பேசுகிற கூட்டத்தன்று அவர் யாரோ ஒருவரின் கூரையில். அவருடைய கதிரையில் நான். "பஸ் எண்ணிக்கையைக் கூட்டுவீர்களா?" என்று ஒருவர் கேட்டார். வாய் குழறி, "பாப்பம்," என்றேன். மண்டபமே சிரித்தது.

தேர்தலில் மூன்றாவதாக வந்தார்.

மறுநாள், முன்றல்களில் நட்டிருந்த அவருடைய விளம்பரப் பலகைகளைப் பிடுங்க வீடு வீடாகப் போனோம். வாசலுக்கு வாசல் ரோல்ஸும் தேத்தண்ணியும். "வீட்டுக்குள்ள ஒரு குழாய் ஒழுகுது, அதையும் ஒருக்கா..." என்று கூசாமல் கேட்டவரும் உண்டு. மாப்பிள்ளை கூசாமல் போய்ப் பார்த்தார்.

பலகைகளை என் கராஜில் அடுக்கப் பக்கத்து நகரமான அஜக்ஸுக்கு வந்தோம். வீடு மலிவென்று நான் இங்கே மாறி வருஷக்கணக்காகிறது. இங்கிருந்து அவருக்கு யாரும் வாக்குப் போட முடியாது. என் முன்றலில் நின்ற பலகையைக் கண்டு திகைத்துவிட்டார்.

"உந்தப் பலகையை ஏன் இஞ்ச வைச்சனீர்? ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லையே."

"எனக்கு அங்க வோட்டில்லை அண்ணை," என்றேன். "இஞ்சயெண்டாலும் ஒரு வோட்டுப் போட்டதா இருக்கட்டும் எண்டுதான்."