ஏறிக்கொண்டே போன எண்ணெய்

காரின் எண்ணெய் மட்டக் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்த்தான் லாம்ப்ரோஸ். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஓர் அரிசியளவு நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை சரியாகக் கோட்டில் இருந்தது.

"ஏறியிருக்கு," என்றான்.

"என்ன ஏறியிருக்கு?" மாடி வராந்தாவிலிருந்து மனைவி சேவஸ்தி எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் காப்பிக் கோப்பை, இன்னொரு கை ஏழு மாத வயிற்றின் மேல்.

"எஞ்சின் எண்ணெய். எண்ணெய்னா குறையலாம். அப்படியே நிக்கலாம். ஏறக் கூடாது."

"நானுந்தான் மாசாமாசம் ஏறிக்கிட்டே போறேன். என்னை யாரும் இப்படித் துடைச்சுத் துடைச்சுப் பாக்கலையே."

சிரிக்கிற நிலையில் லாம்ப்ரோஸ் இல்லை. அவர்களுடைய மலையூரான கோனித்ஸாவில் பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி கிடையாது. மலை இறங்கி யோவானினாவுக்குப் போக வேண்டும், ஒரு மணி நேரப் பாதை. டிசம்பரில் பனி விழுந்தால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகவே பழைய வண்டியைத் தள்ளிவிட்டு இந்தப் புது ஹைப்ரிட் காரை வாங்கினான். ஏழு வருட வாரன்ட்டி. கூடவே வந்த நானூற்று எண்பது பக்கக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே மனிதன் அந்த ஊரில் அவனாகத்தான் இருப்பான். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் தொட்டி மட்டம் பார்த்து எழுதுகிற வேலை அவனுக்கு. மட்டம், கோடு, அளவு என்றால் அவனுக்கு ஒரு தனி மரியாதை.

கையேட்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றோராம் பக்கம் தெளிவாகச் சொல்லியது: இந்த எஞ்சினுக்கு ஸீரோ டபிள்யூ பதினாறு எண்ணெய். எண் சின்னதாக ஆக எண்ணெய் லேசாகும். பதினாறு மிகவும் லேசு. வேறு கனத்தில் ஊற்றி எஞ்சின் கெட்டால் வாரன்ட்டி கிடையாது.

கீழ் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு மாமனார் மில்த்தோஸ் வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பானெட் திறந்திருக்கிற வண்டியைக் கண்டால் அவரால் தாண்டிப் போக முடியாது.

"இன்னும் அந்தப் பதினாறுதானா? அது எண்ணெய் இல்ல மாப்ளே, டீ. காய்ச்சல்காரனுக்குக் குடுக்கலாம்."

"புத்தகத்துல அதான் மாமா போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் நம்ம ஏத்தத்துல வண்டி ஓட்டியிருக்கானா? கரண்டியில எடுத்தா நூல் மாதிரி இறங்கணும். அதான் எண்ணெய். நாப்பது ஊத்து."

"நாப்பது ஊத்தினா வாரன்ட்டி போயிடும்."

"வாரன்ட்டியா வந்து பிரசவம் பாக்கப் போகுது?"

மில்த்தோஸுக்கு இது வெறும் வாக்குவாதம் இல்லை. முப்பத்து நாலு வருடம் முன்னால், வலி எடுத்த மனைவியை லாரியில் ஏற்றிக்கொண்டு யோவானினாவுக்குக் கிளம்பினார். ஆற்றுப் பாலத்தருகே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எவனோ லேசான எண்ணெயை ஊற்றித் தொலைத்திருக்கிறான். ஆடு மேய்க்கிறவன் மனைவி ஓடி வந்து பார்க்க, சேவஸ்தி லாரி சீட்டிலேயே பிறந்தாள். ஊரே அவளை இன்றைக்கும் லாரிக்காரி என்று கூப்பிட்டுச் சிரிக்கும். மில்த்தோஸ் மட்டும் அந்தச் சிரிப்பில் ஒரு நாளும் கலந்துகொண்டதில்லை.

கெட்டி எண்ணெயை விட்டால் அவர் நம்பியது செங்கொடிக் கட்சியை மட்டும்தான். கட்சிப் பத்திரிகை படிக்காமல் காப்பி இறங்காது. கடவுள் சமாச்சாரமே ஆகாது. சொந்த மகள் கல்யாணத்தன்றே கோயிலுக்குள் வராமல் வெளியே வால்நட் மரத்தடியில் நின்று மூன்று சிகரெட் பிடித்தவர்.

லாம்ப்ரோஸ் யோவானினா சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான். ஃபோத்தினி என்ற பெண் எடுத்தாள்.

"எண்ணெய் ஏறுதா? வண்டி தினம் எவ்வளவு தூரம் ஓடுது சார்?"

"வீட்லேர்ந்து ஆபீஸ். ஒண்ணரைக் கிலோமீட்டர்."

"அதான். ஹைப்ரிட்ல எஞ்சின் அணைஞ்சு அணைஞ்சு எரியும். குளிர்ல சூடே ஏறாது. எரியாத பெட்ரோல் எண்ணெய்ல போய்ச் சேருது. நல்லா தூரமா ஓட்டுங்க, தானா ஆவியாகிடும்."

பெரிய நிம்மதி. அன்று முதல் ஒரு வாரம், ஆபீஸ் முடிந்ததும் யோவானினா வரை போய்த் திரும்பினான். மூன்றாம் நாளே காப்பிக் கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைத் தனியாக விட்டுவிட்டு சாயங்காலம் சாயங்காலம் தலை வாரிக்கொண்டு யோவானினாவுக்குப் போகிற ஆண்பிள்ளையைப் பற்றி ஊர் வேறு என்ன நினைக்கும்?

"அவ பேரு ஃபோத்தினியாமே," என்றாள் சேவஸ்தி.

"சர்வீஸ் சென்டர் பொண்ணு அது!"

"தெரியும். ரொட்டிக் கடையில எனக்கு ஆறுதல் சொல்றாங்க. அதுதான் தாங்கல."

வாரக் கடைசியில் டிப்ஸ்டிக்கை உருவினான். இரண்டு அரிசி.

அடுத்த வழி ஸீசிஸ். ஊரின் ஒரே மெக்கானிக். கையேட்டின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அடிக்கோடு போட்டு, அவன் கையில் கொடுத்தான் லாம்ப்ரோஸ்.

"எண்ணெயை இறக்கிட்டுப் புதுசு ஊத்து. பதினாறு இல்லேன்னா, ஒரே ஒரு தடவை இருபது ஊத்திக்கலாம்னு போட்டிருக்கு. இருபதுக்கு மேல வேண்டாம்."

"எனக்குப் படிக்கத் தெரியும் லாம்ப்ரோஸ்."

சாயங்காலம் போய் வண்டியை எடுத்தான். குப்பைத் தொட்டியில் காலி டப்பாக்கள் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் நாற்பது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"ஸீசிஸ்! என்னடா இது?"

ஸீசிஸ் தலையைச் சொறிந்தான். "உன் மாமனார் வந்து நின்னாரு. ஸ்பேனர் பிடிக்க எனக்குக் கத்துக் குடுத்ததே அவர்தான். அவர் எதிர்ல நின்னு நான் எப்படி இருபது ஊத்துவேன்?"

"அப்ப என் வாரன்ட்டி?"

"அது எனக்கும் உனக்கும் நடுவுல இருக்கட்டும்."

கோனித்ஸாவில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற விஷயம் என்று எதுவும் கிடையாது. மறுநாள் தபால்காரரே, "நாப்பதுக்கு மாறிட்டியாமே, நல்லது," என்று கை கொடுத்தார்.

லாம்ப்ரோஸ் உடனே போனை எடுத்தான். ஃபோத்தினியிடம் சொல்லி, பதினாறு எண்ணெய் நாலு லிட்டர் டப்பாவை யோவானினா பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னான். ஊருக்கு மருந்து, செருப்பு, கல்யாண கேக் எல்லாம் வருவது அந்த பஸ்ஸில்தான். டிரைவர் டப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்து, சதுக்கத்தில் நிறுத்தி, "லாம்ப்ரோஸ்! உன் டீ வந்திருக்கு!" என்று கூவினார். மில்த்தோஸின் பிரச்சாரம் பஸ் வரைக்கும் போயிருந்தது.

ஸீசிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்பதை இறக்கினான். லாம்ப்ரோஸ் தன் கையாலேயே பதினாறை ஊற்றினான். மூன்று தடவை மட்டம் பார்த்தான். சரியாகக் கோட்டில் நின்றது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், மேல் கோட்டுக்கு மேல் மூன்று அரிசி.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே யோவானினாவுக்குப் போனான். காலி டப்பா, பஸ் ரசீது, ஜெராக்ஸ், தேதிவாரியாக மட்டம் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஃபோத்தினியின் மேசையில் வைத்து, நாற்பது ஊற்றப்பட்ட பாவத்தையும் ஒளிக்காமல் சொன்னான்.

ஃபோத்தினி நோட்டைப் புரட்டினாள். "அரிசின்னா என்ன சார்?"

"அது என் அளவு."

"பதினாலு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தர் வந்ததில்ல," என்றாள். ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய் எடுத்துக்கொண்டாள். "லேபுக்கு அனுப்பறேன். ஒரு வாரம் ஆகும். பயப்படாதீங்க."

ஆனால் அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்று திரும்பி வரும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டான். பனி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியாது. வலி எப்போது எடுக்கும் என்று தெரியாது. குழந்தை நல்லபடியாக வருமா, சேவஸ்தி நல்லபடியாக எழுவாளா, எதையும் எந்தப் பக்கத்திலும் அச்சடித்துத் தரவில்லை. கோடு போட்டுக் கொடுத்திருந்தது அந்தக் குச்சியில் மட்டும்தான். அதனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஒரு வாரம் கழித்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. சேவஸ்தி எடுத்தாள்.

"உன் ஃபோத்தினி."

"சார், ரிசல்ட் வந்திருச்சு," என்றாள் ஃபோத்தினி. அவள் குரலே ஒரு மாதிரி இருந்தது. "கிரேடு சரி. பெட்ரோல் கொஞ்சந்தான். ஆனா ஆலிவ் எண்ணெய் இருக்கு."

"என்ன எண்ணெய்?"

"ஆலிவ். சாலட்ல ஊத்துவோமே, அது. நல்ல தரமாம், புளிப்பே இல்லன்னு லேப்காரர் தனியா எழுதியிருக்காரு. சார், தயவு செஞ்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. நாளைக்கு மத்தியானம் இழுவை வண்டி வரும். யாரோ ஊத்தியிருக்காங்க. யாருன்னு தெரியலேன்னா, வாரன்ட்டிக்கு நான் எங்க மேலாளர்கிட்ட என்னன்னு சொல்றது?"

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். மில்த்தோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆலிவ் எண்ணெய் எஞ்சினுக்கு அவ்வளவு கெடுதலா?" என்றார், குரலே எழும்பாமல்.

"நீங்களே கேக்கறீங்களே மாமா! வெந்து கோந்தாயிடும்!"

பாவம், மனிதர் எவ்வளவு ஆடிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் லாம்ப்ரோஸ். அவர்மேல் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. சமையல் எண்ணெயை எஞ்சினில் ஊற்றுகிறவனைக் கட்சியை விட்டே நீக்கச் சொல்லுகிற ஆள் அவர். சந்தேகம் ஸீசிஸ் மேல் போயிற்று. நேரே அவன் பட்டறைக்குப் போனான்.

"நானா?" ஸீசிஸ் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டான். "ஆலிவ் எண்ணெய் விக்கற விலையில என் வீட்டு சாலட்டுக்கே சொட்டு சொட்டா விடறேன். உன் வண்டிக்கு ஊத்துவேனா? இனிமே உன் வண்டி சைக்கிளா இருந்தாக்கூட இந்தப் பட்டறைக்குள்ள கொண்டு வராதே!"

இப்படியாக ஊரில் இருந்த ஒரே மெக்கானிக்கும் போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மூன்று வாரம் முன்னதாகவே, சேவஸ்திக்கு வலி எடுத்தது. வெளியே முழங்கால் பனி. காரைத் தொடக் கூடாது. சுகாதார நிலையத்து ஆம்புலன்ஸ் மேல் கிராமத்துக்குப் போயிருந்தது. லாம்ப்ரோஸ் கையில் சாவியோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஸ்டார்ட் பண்ணிடட்டுமா? பண்ணினா நடு வழியில நின்னுடுமா? மாமா, நீங்க சொல்லுங்க!"

மாமா அங்கே இல்லை. வீட்டுச் செருப்போடு பனியில் ஓடியிருந்தார். பத்தாவது நிமிடம் ஓர் ஓட்டைக் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் ஊர்க் கோயில் பாதிரியார் லூக்காஸ், பக்கத்தில் மில்த்தோஸ். கடவுளையே சேர்க்காத மனிதர் கடவுளின் ஆளைக் கூட்டி வந்திருப்பதைப் பார்த்து வியக்க யாருக்கும் நேரமில்லை.

பாதிரியார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறு கையால் ஓட்டினார். எஞ்சின் பலவிதமாகச் சத்தம் போட்டது. லாம்ப்ரோஸால் அடக்க முடியவில்லை.

"சாமி, இதுக்கு என்ன கிரேடு எண்ணெய் ஊத்தறீங்க?"

"வீட்ல எது இருக்கோ அது."

"லாம்ப்ரோஸ்," என்றாள் சேவஸ்தி பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை எண்ணெய்னு சொன்னே, கதவைத் திறந்து தள்ளி விட்ருவேன்."

ஆற்றுப் பாலம் வந்தபோது மில்த்தோஸ் கண்ணை மூடிக்கொண்டார். பாலம் போயிற்று. கண்ணைத் திறந்தார். மகளின் கையை அவர் விடவே இல்லை.

பதினொன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். லாம்ப்ரோஸ் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான். குழந்தையைப் பார்க்க மில்த்தோஸ் உள்ளே போயிருந்தார். பாதிரியார் இயந்திரத்திலிருந்து இரண்டு காப்பி பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்ததும் லாம்ப்ரோஸுக்கு வண்டி ஞாபகம் வந்தது. "எல்லாம் நல்லா முடிஞ்சுது சாமி. ஆனா என் எஞ்சின்ல ஆலிவ் எண்ணெய் ஊத்தின பாவி யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

பாதிரியார் உள் கதவைத் திரும்பிப் பார்த்தார். மில்த்தோஸ் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணரை மாசமா தினம் காலையில கோயில் திறக்கறப்ப உன் மாமனார் சீசாவோட வாசல்ல நிக்கறாரு, சுகப்பிரசவத்துக்குன்னே இருக்கற புனித எலெஃப்தேரியோஸ் விளக்குலேர்ந்து ஆலிவ் எண்ணெய் வேணும், பொண்ணு நெத்தியில பூச வெக்கமா இருக்கு, வண்டியில ஊத்திக்கறேன்னாரு, நானும் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன், ஆனா போன வாரம் வந்து, 'சாமி, இது ரொம்ப லேசா இருக்கு, இதைவிடக் கெட்டி எண்ணெய் வச்சிருக்கற புனிதர் வேற யாராவது இருக்காரா?'ன்னு கேட்டாரு பாரு, அதுக்குத்தான் எனக்கு இன்னும் பதில் தெரியல."