சால்வைக்கு முன் ஒரு கேள்வி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை உண்டான நாள்முதல், எதையும் தீர விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர் அங்கே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரைத்தான் எங்கள் கட்சி அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கியது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டுமே வாழ்ந்தது. ஊருக்கு அவர் 'ஒருநிமிசம்'. கூட்டமோ குழாயடியோ, நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "ஒரு நிமிசம்" என்று அது தொடங்கும். அந்த நிமிடம் முடிவதற்குள் டீ ஆறும், தலைவருக்குத் தலை வலிக்கும்.

இரும்பு உருட்டாலை ஒன்றில் அவர் கிரேன் ஓட்டினார். சுமையை ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்தி, சங்கிலி தாங்குகிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாடம். ஆலைக்குள் எல்லோரும் கடைப்பிடித்த அதை, அவர் ஒருவர்தான் வாசலுக்கு வெளியேயும் கொண்டுவந்தார்.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் அவரைக் கண்டாலே கூடையை மூடுவார்கள். கடைசிக் கூடைவரை செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதல் கூடைக்கே திரும்பி வருவார். "இன்னா நைனா, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒரு பெண் கேட்டாளாம். "பொண்ணு பாக்கறப்பகூட இவ்ளோ பாக்கல" என்றாராம் இவர்.

அது பொய். தாலியைக் கையில் ஏந்திய நொடியில் கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்லி, "ஒரு நிமிசம். உனக்குச் சம்மதமா, இல்ல உங்கப்பா சொன்னாருன்னு வந்து குந்திக்கினு கீறியா?" என்று மணப்பெண்ணிடம் கேட்டவர் அவர். "கட்டுய்யா, காலு மரத்துப்போச்சு" என்றாராம் அந்த அம்மாள். வாழ்நாளில் தம் கேள்விக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான் என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

இனி, நான் இன்றும் கோபம் தணியாமல் நினைத்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலனியின் ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர்தான்; அதில் சோறு வடித்தால் மஞ்சள் பூசியதுபோல் இருக்கும். குடிப்பதற்கு லாரித் தண்ணீரைத்தான் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறோம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது எங்கள் கட்சியின் வேட்பாளர் இவராகத்தான் இருப்பார் என்று எல்லோரும் ஒருவரைச் சொன்னார்கள். அந்தத் தண்ணீர் லாரிகளின் உரிமையாளரே அவர். தலைமை இன்னும் நேர்காணலே நடத்தவில்லை. அதற்குள் எங்கள் கிளைச் செயலாளர் அவருக்கு ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றக் கூட்டம் கூட்டிவிட்டார். லாரி அண்ணன் நேரில் வந்து நடுநாற்காலியில் அமர்ந்திருந்தார். செயலாளர் சால்வையைப் பிரித்தார்.

"ஒரு நிமிசம்" என்று கை உயர்ந்தது. "நம்ம காலனிக்குக் குடிதண்ணி பைப்பு போட்டுத் தர்றேன்னு அண்ணன் வாயால சொல்லட்டும். அப்பால போத்துவோம்."

"யோவ், அவருதான் வரப்போறாருன்னு ஊருக்கே தெரியும்" என்றார் செயலாளர். "மொதல்ல வந்து நிக்கிறவனைத்தான் அவரு ஞாபகம் வெச்சுக்குவாரு. சும்மா பேஜாரு பண்ணாத."

"வரட்டுமே. ஒரு கேள்வி கேட்டா ஓடியா பூடுவாரு? ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பாருங்கன்றேன்."

"சால்வை வாங்கியாந்தாச்சுய்யா."

"சால்வை இன்னா மீன் கொழம்பா, நாளைக்கு ஊசிப்போறதுக்கு?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி லாரி வெச்சிருக்கிறவராண்ட போய் பைப்பு கேக்கறியே, உனக்கு மூளை கீதா?"

"அதனாலதான் இப்பவே கேக்கணும்ன்றேன்."

முன்கூட்டியே ஒருவர் பின்னால் திரள்வதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முந்தைய தேர்தலில் கடைசி நாள்வரை இரண்டு கோஷ்டிகளாகச் சண்டையிட்டு, வாக்குச்சாவடியில் உட்கார ஆளில்லாமல் தோற்றோம். ஆனால் ஒற்றுமை வேறு, கேள்வியே கேட்காமல் கையிலிருப்பதை ஒப்படைப்பது வேறு. நான் எழுந்து, அவர் சொல்வது சரி என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி முறைத்தார். "நீ ஏம்மா இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கற? படிச்ச பொண்ணு, நான் சொன்னதுல இன்னா ஓட்டைன்னு பாக்க வேணாமா?" பிறகு தமக்கு எதிரான வாதங்களைத் தாமே வரிசையாக எடுத்துவைத்தார். அவற்றுள் மிகச் சிறந்ததைச் செயலாளர் தம் நிறைவுரையில் பயன்படுத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் கை உயர்த்தாதபோதிலும், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. லாரி அண்ணன் சால்வையோடு புன்னகைத்தார். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியத்தைத்தான் நாங்கள் நீக்கிவிட்டோமே.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் காலனியும் எங்கள் கட்சிதான், எங்களைப் போலவே உவர்நீர்தான். அவர்கள், "நேர்காணல் முடியட்டும், யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். லாரி அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. திரும்பத் திரும்ப அங்கே போனார். தரையில் அமர்ந்து, அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, முகம் சுளிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். ஊர் கூடியிருக்க, குழாய் போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

வேட்பாளராக அவரே அறிவிக்கப்பட்டார். மறுநாள் விடிந்ததும் கொடி கட்ட வந்த முதல் ஆள் ஒருநிமிசம். "கேக்க வேண்டிய நேரத்துல கேட்டேன். கட்சி முடிவு பண்ணிடுச்சு. இனிமே வேலைதான்" என்றார். சால்வை போர்த்தியவர்கள் வேட்பாளரின் காரில் இடம்பிடிக்க, இவர் வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும், "மத்தவங்களையும் நல்லா விசாரிச்சுட்டு, அப்பறம் நம்மளுக்குப் போடுங்க" என்றார். கொடி கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி அவரைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

லாரி அண்ணன் வென்றார். அந்தப் பக்கக் காலனியில் குழாய் வந்தது. நாங்கள் போய்க் கேட்டபோது லாரி அண்ணன் அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க நம்ம ஊட்டு ஆளுங்க. உங்களுக்கு மெதுவா பாத்துக்கலாம். அதுவரைக்கும்தான் நம்ம லாரி வருதே."

இதைக் கேட்டுச் செயலாளர் கைதட்டினார். இந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சொந்த வீட்டில் மனைவி மஞ்சள் சோறு வடிக்க, ஒரு மனிதர் எதற்காகக் கைதட்டுகிறார்? விசுவாசம் என்று அதற்குப் பெயர் சூட்டுகிறோம். விலையே கேட்காமல் விற்றுவிட்டு, வாங்கியவருக்கு நன்றியும் சொல்கிறோம். ஒருநிமிசம் அன்று மறுபடியும் கையை உயர்த்தினார். கட்டுப்பாட்டை மீறினார் என்று அந்த வாரமே நீக்கினார்கள்.

நீக்கப்பட்டவருக்கு நேரம் மிச்சமாயிற்று. இப்போது வேலைக்குப் போகுமுன் மொபெட்டின் இருபுறமும் குடங்களைக் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார். முதல் குடத்தை இறக்குவது செயலாளர் வீட்டு வாசலில். அந்த வீட்டு அம்மாளுக்கு முழங்கால் வலி, லாரிக்குப் பின்னால் ஓட முடியாது.

"உங்களைப் போய் நீக்கினாரே எங்கூட்டுக்காரரு, அவருக்கு ஏண்ணா கொண்டாறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டதை நான் கேட்டேன்.

"அவருக்கு இல்லம்மா, உனக்கு. அவரு குடிச்சா நான் இன்னா, பிடுங்கிக்கவா போறேன்?"

செயலாளர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருடைய கால்கள் தெரிந்தன.

எங்கள் தெருமுனையில் சாலை பெயர்ந்து ஒரு பள்ளம். வண்டி அதில் இறங்கி ஏறும்போது குடம் அலம்பி அவர் முதுகு நனைந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நானே செங்கல்தூளும் மண்ணும் கொட்டி அதை மூடினேன். யார் மூடினார்கள், எதற்காக மூடினார்கள் என்று அவர் இன்னும் வீடுவீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.