மாமாவின் நாற்பத்தோராயிரத்து எழுநூறு

பழைய வீடியோ கேம் பைத்தியங்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அவற்றை அதிகம் விளையாடுவதில்லை, துடைப்போம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மூலை முடுக்கெல்லாம் துடைத்து, அலமாரியில் வைத்து, படம் எடுத்து, ‘அந்தக் காலம் இனி வருமா’ என்று நண்பர்களுக்கு அனுப்புவோம். பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு புதிய கேம் ஆடுவோம். அந்தப் புதிய கேமையும் பழையது மாதிரியே கட்டம் கட்டமாகச் செய்திருந்தால் முழு விலை கொடுத்து வாங்குவோம். என் அலமாரியில் அப்போது பதினேழு கருவிகள் இருந்தன. இந்த விஷயத்தில் பினாங்கிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் நம்பிக்கை. (என் மனைவி ரேவதியும் அதையேதான் சொல்வாள், வேறு தொனியில்.)

என் மாமனாரிடம் இருந்தது ஒரே ஒரு கருவி. அவர் பள்ளி பஸ் ஓட்டுநர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை ஜார்ஜ் டவுனில் ஏதாவது ஒரு மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்காக பசாரில் வாங்கிய கையடக்க கேம் அது. மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் அவர் 41,700 எடுத்துவிட்டார். அதன் பிறகு பதினோரு வருடம் முயன்றும் அந்த எண்ணை அவராலேயே தாண்ட முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கருவியை முடுக்கி, திரையின் ஓரத்தில் நிற்கும் அந்த எண்ணைக் காட்டுவார். நான் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைப் பார்க்கும் முன்பே அதைத்தான் பார்த்தேன். சிமெண்டே இல்லாமல் வீடு கட்டுகிற ஆள் என்று அத்தை, அதாவது என் மாமியார், கிண்டல் செய்வார்.

மாமா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். இருதயம். மூன்றே நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமாவின் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் கூடினோம். எங்கள் பக்கத்தில், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்போம். மீன் தலைக் கறி, வடை, ஒரு போத்தல் கறுப்பு பீர், சூலியா தெருவிலிருந்து மச்சான் வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் எல்லாம் தயார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. அந்த கேமையும் இலையின் பக்கத்தில் வைக்க வேண்டும், எண் தெரிய வேண்டும். முடுக்கிப் பார்த்தால் திரை மங்கிப்போய், எண் இருப்பதே தெரியவில்லை.

“பேட்டரி மாத்தணும். கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை, நான் வரேன்” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

இந்த இடத்தில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் இது என் துறையாயிற்றே. அத்தை எதற்கு வரவேண்டும்? கருவியை எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன். இந்த மாதிரி மலிவுக் கருவிகளில் பேட்டரியைக் கழற்றினால் எண் அழிந்துபோகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பதினோரு வருடத்தில் எத்தனை முறை பேட்டரி மாற்றியிருப்பார்கள்? அப்படியும் எண் அழியவில்லை என்றால், இது எண்ணைக் காப்பாற்றி வைக்கிற அபூர்வ ரகமாகத்தான் இருக்க வேண்டும். (யோசித்துப் பாருங்கள், தர்க்கத்தில் ஒரு ஓட்டை சொல்ல முடியாது.) மூடியைத் திறந்தேன், இரண்டு பேட்டரியையும் எடுத்தேன், கம்பிச்சுருளில் பச்சைக் கறை இருந்தது. மனசு கேட்குமா? துடைக்க ஆரம்பித்தேன்.

அத்தை கதவருகே வந்து நின்றார். உள்ளங்கையில் இரண்டு புது பேட்டரிகள்.

“ரெண்டையும் கழட்டிட்டீங்களா?” என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். கருவியை அணைத்துவிட்டு மாமா ஒரு பேட்டரியை எடுப்பாராம். அத்தை புதியதை அவர் கையில் வைப்பார். பத்து எண்ணுவதற்குள் போட்டுவிட்டால் எண் போகாது. அடுத்தது இரண்டாவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அத்தைதான் சத்தமாக எண்ணுவார். பதினோரு வருடமாக இருவரும் சேர்ந்து அந்த எண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அபூர்வ ரகம் எதுவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புது பேட்டரி போட்டு முடுக்கினேன். திரை பளிச்சென்று இருந்தது. எண் இருந்த இடத்தில் பூஜ்யம். அத்தை அதைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பாயாசம் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்து நான் செய்த காரியம்தான் இன்றும் பேசப்படுகிறது. படையலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பதினேழு கருவிகளின் சொந்தக்காரன், 41,700 எடுக்க மாட்டேனா? கதவைச் சாத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மாமாவின் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆட ஆரம்பித்தேன். முதல் ஆட்டத்தில் 800. அடுத்ததில் 1,100. முடுக்கும்போதும், தோற்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி ‘டிங்கிரி டிங்கிரி’ என்று ஒரு பாட்டு வேறு பாடியது. அதை அடக்க வழியே இல்லை. கூடத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த ரேவதியின் பெரியப்பா, மாமாவின் அண்ணன், கதவைத் திறந்தார். வியர்த்து வழிய, நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டை அடுக்கும் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கதவைச் சாத்தினார். கூடத்தில் அவர் குரல் நிதானமாகக் கேட்டது.

“பதினாறாம் நாளு அதுவுமா, மாப்பிள்ளை ரூம்புல கேம் ஆடிக்கிட்டு இருக்காருலா.”

தேவாரம் நின்றது. ரேவதி பாய்ந்து வந்தாள். அவள் கண்ணில் இருந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நடந்ததைச் சொன்னேன். கோபம் அப்படியே கரைந்து, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், மருந்து ஏற்ற வந்த நர்ஸுக்குக்கூட அப்பா அந்த எண்ணைக் காட்டினார் என்றாள். நர்ஸும், ‘பெரிய ஆள்தான் அங்கிள்’ என்று சொன்னாளாம். அப்பா கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான் என்று ரேவதி சொன்னபோது, அந்தக் கட்டிலோடு நான் பூமிக்குள் போய்விடக் கூடாதா என்றிருந்தது. தப்பு செய்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். திருப்பித் தரவே முடியாத ஒன்றைத் தொலைத்தது அதுதான் முதல் தடவை.

அத்தை வந்து கருவிக்காகக் கையை நீட்டினார். அதுவரை நான் எடுத்திருந்த உச்சம் 3,900.

“போதும் மாப்பிள்ளை, வாங்க. சோறு ஆறுது.”

கூடத்தில் இருந்த அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. அத்தை யாரையும் பார்க்காமல், “நான்தான் ஆடச் சொன்னேன்” என்றார். பெரியப்பா மறுபடி தேவாரத்தை ஆரம்பித்தார். சூடம் காட்டும் நேரத்தில் அத்தை கருவியை முடுக்கி இலையோரம் வைத்தார். டிங்கிரி டிங்கிரி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். படத்தில் மாமா, அவருக்கு முன்னால் மீ கோரெங், பீர், என்னுடைய 3,900. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பாசக்கார மருமகன் என்று அன்றைக்குச் சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி.

அந்தப் பெயர் அதிக நாள் நிற்கவில்லை. உண்மை கசிந்துவிட்டது. இப்போது எந்த விசேஷத்திலாவது ஒரு பிள்ளை தலை நிமிராமல் போனில் கேம் ஆடினால், “விடுலா, மாமனார் பதினாறாம் நாளுக்கே ஆடின குடும்பம்” என்பார்கள். மச்சான் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் அதை என் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அத்தையும் சிரிப்பார்.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. அதே மாதிரி ஒரு கருவியைத் தேடி வாங்கினேன். பதினேழோடு சேர்க்கவில்லை, துடைக்கவுமில்லை. வேலை முடிந்து வந்து தினமும் ஆடினேன். வருடம் முடிவதற்குள் 41,700 எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. எவ்வளவு முக்கியும் 19,300க்கு மேல் போகவில்லை. முதல் திவசத்தன்று, சமையலறையில் அத்தை தனியாக இருந்தபோது அதைக் காட்டினேன். அடுத்த வருடத்துக்குள் எப்படியும் கொண்டுவந்துவிடுவேன் என்று சொன்னேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை வெகு நேரம் பார்த்தார். எனக்கு ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் ஆடுறீங்க. ஆனா அவரு நம்பர மட்டும் தாண்டிடாதீங்க மாப்பிள்ளை. அது அவருக்கே இருக்கட்டும்.”

என் ஆட்டத்துக்கு இந்த ஜென்மத்தில் அப்படி ஓர் ஆபத்து நேராது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. தாண்டவே மாட்டேன் அத்தை என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கோப்பி கலக்கப் போனார்.