செவலையின் வலப்பக்கம்

"வலப்பக்கத்தையும் கழுவ வேணும் அண்ணன்" என்றார் மாட்டு டொக்டர் ஷிஹான்.

கோணாமலை பசுவுக்குக் குறுக்கே வந்து நின்றார். ஆறு வருடமாகச் செவலையின் வலப்பக்கத்தை வேலியோடு அணைத்துக் கட்டியே வளர்த்தவர் அவர். போதாததற்குச் சாணியும் அப்பி வைப்பார். அந்தச் சாணிக்கு அடியில் இருந்தது இன்னொரு பட்டிக்காரரான வினாயகமூர்த்தியின் சூட்டுக்குறி.

கிரானில் வெள்ளம் கோணாமலையின் நாற்பது மாடுகளையும் கொண்டுபோன வருடம், அறுந்த கயிற்றோடு பட்டிக்குள் வந்து நின்ற கன்று அது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இடப்பக்கத்தில் தன் குறியைச் சுட்டுவிட்டார்.

இன்று ஊசி போட்டுச் செவலையின் வயிற்றில் ஒன்றாகத் தரிக்கவைத்த ஏழு நாள் கருக்களை எடுத்து வேறு பசுக்களில் வைக்கப் போகிறார்கள். ஒரு பசுவிலிருந்து ஒரு பட்டியே திரும்பி வரலாம். கருச் சுமக்க டொக்டர் தெரிவு செய்திருந்த பசுக்களோ வினாயகமூர்த்தியுடையவை. ஆறு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், இன்று பட்டிக்குள் நின்றார்.

"சாணி கிடக்கட்டும் டொக்டர். ஈ மொய்க்காது."

"ஊத்தை உள்ளுக்குப் போனா கரு செத்துப் போகும்."

கோணாமலை ஓடிப்போய் மனைவியின் சேலையை எடுத்துவந்து பசுவுக்குப் போர்த்தினார். "கண்ணூறு பட்டிரும்."

செவலை மிரண்டு துள்ளியது. சேலை சவர்க்கார நுரை வாளிக்குள் விழுந்தது.

"வால் பிடிக்கப் பலமான ஆள் ஒண்டு வேணும்" என்றார் டொக்டர்.

வினாயகமூர்த்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வலப்பக்கமாகவே நின்றார்.

"இங்கால பாராத மச்சான், கண்ணில சவர்க்காரம் தெறிக்கும்" என்றார் கோணாமலை.

"கண்ண மூடிக்கொண்டா வால் பிடிக்கிற?"

தண்ணீர் ஊற்றியதும் சாணி வழிந்தது. குறி பளிச்சென்று தெரிந்தது. வினாயகமூர்த்தியின் பிடி தளர, வால் டொக்டரின் முகத்தில் அறைந்தது. வினாயகமூர்த்தி வாலைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

மெல்லிய குழாய் வழியே உப்புநீர் உள்ளே போய், வடிகட்டியில் வடிந்து வந்தது. சின்னக் கண்ணாடித் தட்டில் எஞ்சியது வெறும் தண்ணீர்தான். நுணுக்குக்காட்டியில் குனிந்த டொக்டர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். ஏழு."

கோணாமலை பார்த்தார். வெளிச்சத்தில் ஏழு உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிமணிகள் நெருக்கமாகத் திரண்டு கிடந்தன. மண்துகளிலும் சிறிய ஏழு மாடுகள். கொம்பும் மடியும் நடையும் அதற்குள்ளேயே இருந்தன. எதிலும் எவருடைய குறியும் இல்லை. மூச்சுப் பட்டால் கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்து, ஏழும் கலங்கித் தெரிந்தன.

இவற்றின் முன்னால் நின்றுகொண்டு பொய்யைக் காக்க முடியவில்லை.

"மூர்த்தி, பிறக்கிற கன்றெல்லாம் உனக்குத்தான். தாயே உன்ட மாடு. ஒளிச்சு வச்சிருந்தன்."

நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்த வினாயகமூர்த்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"வெள்ளத்தில செத்துக் கிடந்த பசுவுக்குப் பக்கத்தில நிண்ட இந்தச் செவலைக் கன்றைப் பிடிச்சு என்ட குறிய சுட்டது நான்தான் மச்சான், செத்த தாயில கிடந்தது உன்ட குறி."