எட்டுக் கொம்பு ரவுட்டரும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும்

என் சொந்த வீட்டில், என் சொந்த நாற்காலியில், நானே தேர்ந்தெடுத்து வாங்கிவந்த ரவுட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். என் கைப்பேசி என்னைப் பார்த்துச் சொல்கிறது: "இந்தக் கருவிக்கு இன்றைய அனுமதி முடிந்தது."

அதிர்ச்சியில் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. இதை எழுதும்வரை இறங்கவில்லை.

நான் கதை அளக்கிறவன் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இந்தக் கதையில் பொய் கால் பங்குதான். அதுவும் ரவுட்டரின் உயரத்தைப் பற்றியது.

நாற்பத்தொரு வருஷமாக இந்த வீட்டில் நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. திரைச்சீலை நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. என் சட்டை நிறமும் அவள். திரைச்சீலையில் மிஞ்சிய துணிதான் சட்டை என்பது பிறகு தெரிந்தது. ஜன்னல் ஓரம் நின்றால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

வெளியே நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக். பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் தொங்கிய பதினாறு பேரை ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரால் காப்பாற்றியவன். அவர்களில் ஒருவர் கைக்குழந்தையோடு ஏறியிருந்தார்; நான் கதவைத் திறப்பதற்குள் அது நடக்கக் கற்றுக்கொண்டது. அவ்வளவு பொறுமையான வேலை.

போன வருஷம் டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. காபி வரும். கறுப்பாக, கசப்பாக, கண்டிப்பாக வரும். நான் கெஞ்சினேன். கோபித்தேன். ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தேன். அது உடம்புக்கு நல்லது என்று பாராட்டினாள்.

இந்த நிலைமையில்தான் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வந்தது. கேபிளைச் சுவர் வரைக்கும் இழுத்த ஆள், "ரவுட்டர் மட்டும் நீங்களே புடிச்சதா வாங்கி மாட்டிக்கலாம் சார்" என்றான்.

எனக்குள் மின்சாரம் பாய்ந்தது. ரவுட்டர் என் கையில் இருந்தால் பாஸ்வேர்ட் என் வாயில் இருக்கும். அவளோ கடல் தாண்டி இருக்கும் அக்காவோடு தினம் இரண்டு மணி நேரம் முகம் பார்த்துப் பேசாவிட்டால் தண்ணீர் ஊற்றாத செடி மாதிரி ஆகிவிடுவாள். பாஸ்வேர்ட் வேண்டுமா? காபியில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போடு. வாயைத் திறக்கிறேன்.

"ரவுட்டரை நான் தேர்ந்தெடுக்கிறேன்" என்று அறிவித்தேன்.

"சரிங்க" என்றாள்.

நாற்பத்தொரு வருஷத்தில் முதல் "சரிங்க". அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைக்காரர் ஒல்லியாக, இரண்டு பேனாவோடு இருந்தார்.

"வீடு எவ்வளவு பெருசு சார்?"

"மூணு ரூம், ஒரு சமையலறை, ஒரு மனைவி."

"அப்ப ரெண்டு ஆன்டெனா போதும் சார்."

"மனைவின்னு சொன்னேனே, காதுல விழலையா? பெருசா காட்டுங்க."

நாலு கொம்பு வந்தது. தலையாட்டினேன். ஆறு கொம்பு வந்தது. உதட்டைப் பிதுக்கினேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். எட்டுக் கொம்பு. மல்லாந்து விழுந்த ராட்சசச் சிலந்தி மாதிரி கிடந்தது. நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புயரம். (கால் பங்கு என்று சொன்னேனே, அது இதுதான்.)

"இது நாலு சுவரைத் தாண்டும் சார். உங்க வீட்டுக்கு ஓவரு."

"வீட்டுல நானே கொஞ்சம் கம்மி. அதுவாவது ஓவரா இருக்கட்டும்."

"இங்கேயே எல்லாம் பதிஞ்சு தந்துடறேன். பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம்?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் காதில் சொன்னேன். "ரெண்டு கரண்டி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டினார். "ஓனர் போன் நம்பர் சார்?"

இங்கே ஒரு சிறிய விஷயம் சொல்ல வேண்டும். எந்தக் கடையில் நம்பர் கேட்டாலும் நான் என் நம்பரைச் சொல்ல மாட்டேன். மனைவியின் நம்பரைச் சொல்வேன். பதினைந்து வருஷப் பழக்கம். செருப்புக் கடைத் தள்ளுபடி, சோபாக்காரரின் வாழ்த்து, கண்ணாடிக்காரரின் நினைவூட்டல் எல்லாம் அவளைப் போய்ப் பிடுங்கும். நான் நிம்மதியாக உலகத்து லிப்ட் ரிப்பேர் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ராஜதந்திரம் அது.

நாக்கு தன்பாட்டுக்கு அவள் நம்பரைச் சொல்லிவிட்டது. நான் தடுக்கவும் இல்லை.

"ஓ.டி.பி. போயிருக்கு சார். கேட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஏதோ நம்பர் வந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே?"

"நான் யாரோவா?"

"எதுக்குன்னு சொல்லுங்க."

"கடையில கேக்கறாங்க. எப்பவும் வர்ற விளம்பரம்தான்."

"ஓஹோ. சரி, எழுதிக்குங்க." ஆறு எண்ணையும் தேன் மாதிரி சொன்னாள். தேன் என்றதும் எனக்கு நாக்கு ஊறியது. வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டில் ஏணி போட்டு, அலமாரியின் உச்சியில் ரவுட்டரை ஏற்றினேன். அவள்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எட்டுக் கொம்பிலும் பச்சை விளக்கு. இறங்கி வந்து தொண்டையைச் செருமினேன்.

"இதுக்குப் பாஸ்வேர்ட் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படியாங்க?"

"உனக்கு வேணும்னா ஒரு நிபந்தனை. காலையில காபி. அதுல ரெண்டு கரண்டி."

"டாக்டர் சொன்னாரே?"

"டாக்டருக்குப் பாஸ்வேர்ட் தெரியாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சமையலறைக்குள் போனாள். நான் நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு தேசத்தைப் பிடித்த களைப்பு.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கூடத்து டிவியில் ஒரு பெரிய முகம் தோன்றியது. என் மைத்துனி. கடல் தாண்டிய அதே அக்கா. ஒரு பல் ஒரு முழ நீளத்துக்குத் தெரிந்தது.

"என்னடி கேக்கறாராம் உங்க வீட்டுக்காரர்?"

"ரெண்டு கரண்டியாம் அக்கா! பாஸ்வேர்டே அதுதான்!" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரவுட்டரின் கொம்புகள் ஆடின. எப்படித் தெரிந்தது? கடைக்காரர் காட்டிக்கொடுத்தாரா? நான் தூக்கத்தில் உளறினேனா? நான் இன்னும் தூங்கவே இல்லையே!

சரி, நம் லிப்ட் வீடியோவையாவது பார்ப்போம் என்று கைப்பேசியை எடுத்தேன். அப்போதுதான் அது அந்த வார்த்தையைச் சொன்னது. அனுமதி முடிந்தது.

அணைத்துப் போட்டேன். அதையே சொன்னது. ஏணியில் ஏறிக் கொம்பை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அதையே சொன்னது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் டாக்டர்.

அவர் என் கைப்பேசியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"சொத்தை ஒண்ணும் இல்ல சார். போன் நல்லாதான் இருக்கு."

"அப்ப ரவுட்டர்?"

"அதுவும் பிரமாதம். எங்க வீட்டு மாடி வரைக்கும் வருது. கால் மணி நேரமா அதுலதான் ஓட்டறேன்."

"என்னது! உங்களுக்கு யார் பாஸ்வேர்ட் குடுத்தா?"

"உங்க வீட்டம்மாதான். என்னை விருந்தாளின்னு சேர்த்திருக்காங்க. நேரக் கட்டுப்பாடே கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா நினைக்காதீங்க. இது ரிப்பேர் இல்ல. உங்களை யாரோ நடுவுல நிறுத்தி வெச்சிருக்காங்க."

முப்பத்தாறு வருஷம். எத்தனை பேருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்! அன்று நான் எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் தொங்குகிறேன் என்றே தெரியவில்லை.

டாக்டர் போனதும் சமையலறை வாசலில் நின்றேன். அவள் காபி கலந்துகொண்டிருந்தாள்.

"நீதானா?"

"நானேதாங்க. ஓ.டி.பி. சொன்ன உடனே ஒரு மெசேஜ் வந்தது. 'வாழ்த்துகள், நீங்கதான் இந்த ரவுட்டரோட ஓனர்'னு. பாஸ்வேர்டையும் போட்டிருந்தது. பதினஞ்சு வருஷமா எனக்கு நீங்க அனுப்பிவெச்ச மெசேஜ்லயே உருப்படியானது இது ஒண்ணுதான்."

செருப்பு, சோபா, மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது.

"பழக்க தோஷம்" என்றேன்.

"நல்ல பழக்கம்தாங்க. விடாதீங்க."

"சரி, என்னை எப்ப திறந்துவிடுவே?"

"நாப்பது நிமிஷம் நடந்துட்டு வாங்க. வந்து காபி குடிங்க. முகம் சுளிக்காம குடிச்சா திறந்துவிடறேன்."

கோப்பையை எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, கசப்பாக, கண்டிப்பாக இருந்தது. இரண்டு கரண்டி கேட்டவனுக்கு இரண்டு கரண்டி அடியே விழுந்தாயிற்று. மானம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

"பல் டாக்டரை விருந்தாளின்னு போட்டியே, என்னை என்னன்னு போட்டிருக்கே? அதையாவது சொல்லு."

அவள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். "ஓனர், விருந்தாளி, குழந்தைன்னு மூணே மூணு கட்டம்தாங்க இருந்தது. ஓனர் நான் ஆயிட்டேன். உங்களைப் போய் விருந்தாளின்னு போட மனசு வரல."

நெற்றியில் இருந்த கண்ணாடி இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறியது. "குழந்தையா? நானா? எனக்கு அறுபத்தாறு வயசு!"

"அது வயசும் கேட்டதுங்க. ஆறுன்னு போட்டேன், ஏழுன்னா இன்னும் அரை மணி நேரம் சேர்த்து விட்டுடுமாம்."