மேற்கே போனால் மட்டும் வரும் சத்தம்

என் ஜீப்பை இனி எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் இப்படி ஒரு சபதம் போட்டேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டினவன். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லுவேன். எனக்கெதற்கு மெக்கானிக்?

சத்தத்தை முதலில் சொன்னது என் மனைவி பேச்சி.

"ஏங்க, பின்னால டக்கு டக்குங்குதே. ஒங்களுக்குக் கேக்கல?"

"கேக்காம என்ன? நேத்தே கேட்டுட்டேன்."

கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல முடியாது. காரணம் என் மச்சினன் மூக்காண்டி. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், இருநூறு பேர் முன்னால், "அத்தானுக்குக் காது மந்தம்லா, ரெண்டு தடவ சொல்லுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு எழுந்தவன்தான். அவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இப்போது ராயகிரியில் புது வீடு கட்டியிருக்கிறான். பால்காய்ப்புக்குப் பத்திரிகை வந்தது. பிரிக்காமலே டிவிக்குப் பின்னால் போட்டேன்.

"நான் மட்டும் தனியா போய் நின்னா, கூடப்பொறந்தவன் வீட்டுல நாலு பேரு என்ன கேப்பாக?" என்றாள் பேச்சி.

"நீ சொன்னது எனக்குக் கேக்கலட்டி."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஜீப்புக்கு வருவோம். பின் அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பல்சக்கரப் பெட்டிதான் கிரவுன்; அதற்குள் லாக்கர் இருக்கிறது என்று சொல்லித்தான் போன மாதம் புரோக்கர் இதை எனக்கு விற்றான். நகை வைக்கிற லாக்கர் இல்லை. சாதா வண்டி சேற்றில் மாட்டினால் ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது வேடிக்கை பார்க்கும். லாக்கர் இருந்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். வளைவில் மட்டும் ஒன்றை விட்டுக்கொடுக்கும். அப்போது டக் டக் என்னும். அது குணம். நேர் ரோட்டில் டக் டக் என்றால்தான் நோய். இதை ஒரு மாதமாகத் தெருவுக்கே சொன்னேன். வீட்டில் தினம் மூன்று வேளை.

"நேர் ரோட்டுலதான் வருது" என்றாள் பேச்சி.

திடுக்கிட்டேன். லாக்கர் போனால் ஜீப்பே போனமாதிரி.

நேர் ரோட்டில் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டயர். ஒன்றில் காற்று குறைந்தாலும் லாக்கர் குழம்பும். பேச்சியையும் ஏற்றிக்கொண்டு சித்தீக்கின் பஞ்சர் கடைக்கு ஓட்டினேன். அவர் காற்றைப் பார்த்தார். ஒரு நடை கூடவே வந்தார்.

"காத்து சரியா இருக்கு அண்ணாச்சி. சத்தம் ஒண்ணும் இல்லையே?"

"உமக்குக் காது மந்தம் வே!"

பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை கிரவுன் ஆயில் மாற்றினேன். கிழக்கே பனவடலிசத்திரம் வரை ஓட்டினோம். பின் சீட்டில், அச்சுக்கு நேர் மேலே பேச்சி. அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

ஜெயித்தேன் என்று வண்டியைத் திருப்பினேன். எங்கள் ஊர் சங்கரன்கோவிலைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம்.

"ஆ, வருது! டக்கு டக்கு டக்கு!"

"மூணு தடவ. எனக்கும் கேட்டுது."

வியாழக்கிழமையும் அப்படியே. கிழக்கே போனால் இல்லை, மேற்கே போனால் வருகிறது. என் சர்வீஸில் திசை பார்த்து வருகிற நோயை நான் கண்டதில்லை. விடிய விடிய யோசித்தேன். பிடித்துவிட்டேன். மேற்கே மலை. ரோடு ஏறுமுகம். இழுவை கூடும்போது சத்தம் வருகிறது!

"ஏட்டி, இதுக்கு வெயிட்டு ஏத்திப் பாக்கணும். நீளமா ஓட்டணும்."

"எவ்வளவு வெயிட்டு?"

"வீட்டுல கனமா என்ன கெடக்கோ, எடுத்துப் போடு."

"ஞாயித்துக்கிழம வச்சுக்கிடுங்க. ரோட்டுல லாரி இருக்காது. நல்லாக் கேக்கும்."

கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை வண்டியில் ஏறினால் பின்னால் ஒரு பித்தளை அண்டா. இரண்டு குத்துவிளக்கு. ஒரு தாம்பாளம் நிறையப் பழம். பக்கத்தில் பேச்சி, பட்டுச்சேலையில்.

"டெஸ்டுக்கு எதுக்குட்டி பட்டுச்சேல?"

"வண்டி நடுரோட்டுல நின்னுட்டா நாலு பேரு பாப்பாகல்லா?"

"பழம்?"

"நிக்கிற எடத்துல பசிச்சா?"

எனக்கும் வெள்ளை வேட்டி கொடுத்தாள். கைலி எல்லாம் ஈரமாம். சரிதான் என்று கட்டிக்கொண்டேன்.

மேற்கே மலையைப் பார்த்துப் போகிற ராயகிரி ரோடு. மூக்காண்டி ஊருக்குள் நுழையாமல் எல்லையிலேயே திருப்பிவிடுவது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சத்தம் கூடிக்கொண்டே வந்தது. அதாவது, பேச்சி சொல்லச் சொல்லக் கூடியது. நானும் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லை வந்தது.

"நிறுத்துங்க! இப்ப ஒடையப்போகுது!"

பிரேக்கை மிதித்தேன். யார் வீட்டிலோ விசேஷம், வாழைமரம் கட்டியிருந்தது, வாசலில் ஒரு பிளெக்ஸ் போர்டு முதுகைக் காட்டி நின்றது. இறங்கி வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். பக்கத்தில் இரண்டு கால் வந்து நின்றது.

"வாங்கத்தான்."

மூக்காண்டி!

தலையைத் தூக்கினதில் பம்பரில் இடித்தது. பின்னால் ஒரு கூட்டமே நிற்கிறது. எல்லாம் பேச்சி வழிச் சொந்தம்.

"வீட்டுக்கு வரல. வண்டி ரிப்பேரு. கிரவுன்ல லாக்கர் போச்சு. நேர் ரோட்டுல டக்கு டக்குங்குது."

மூக்காண்டிக்கு டிராக்டர் பட்டறை உண்டு. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். முன் சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஜாக்கி போட்டுப் பின் சக்கரம் இரண்டையும் தூக்கினான். வலது சக்கரத்தை முன்னால் சுற்றினான். இடது சக்கரம் பின்னால் சுற்றியது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். லாக்கர் இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும்.

"அத்தான், இதுல லாக்கரே கெடையாது. சாதா கிரவுன். சுத்தமா இருக்கு. சத்தம் யாருக்குக் கேட்டுது?"

பேச்சிக்கு என்று சொன்னால் எனக்குக் காது மந்தம். எனக்கு என்று சொன்னால் இல்லாத சாமானின் சத்தம் எனக்குக் கேட்கிறது. அது மந்தத்தைவிட மோசம். கூட்டம் என் வாயைப் பார்த்தது. பேச்சி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சத்தமாவது ஒண்ணாவது! ஒன் வீட்டப் பாக்கத்தாம்லே வந்தேன்!"

சொன்னது என் வாய்தான். நானே அதிர்ந்துபோனேன். மூக்காண்டி கண் கலங்கிவிட்டான். கிரீஸ் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். நாலு பேர் அண்டாவையும் விளக்கையும் இறக்கிக்கொண்டு போனார்கள்.

வாசலுக்குக் கூட்டிப்போனான். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்ததால் நான் அந்த பிளெக்ஸ் போர்டின் முதுகைத்தான் பார்த்திருந்தேன். இப்போது முகத்தைப் பார்த்தேன். பத்தடி உயரம். நடுவில் நான், ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறேன். கீழே, "விழாவுக்குத் தலைமை ஏற்க வந்திருக்கும் எங்கள் அத்தான் சுடலைமணி அவர்களே, வருக!"

"இத எப்பலே அடிச்ச?"

"பதினஞ்சு நாளாச்சுத்தான். போட்டோ அக்கா அனுப்புனது. அத்தான் வருவாகளான்னு கேட்டேன். 'நீ தைரியமா அடி, ஜீப்பே கூட்டியாந்துரும்'னா."