பில்லின் கீழ்ப்பாதி

சந்த யாகப்பர் துணை

குருநகர்,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

அன்புத் தங்கை சிசிலியாவுக்கு அண்ணன் மரியரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சாளும் மகள் லவீனாவும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே ரொறன்ரோவில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் குளிருக்கு ஏற்ற உடுப்போடு நடமாடுவீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நீ கதைப்பாய், நான் ஓம் ஓம் என்பேன், பிறகு பற்றறி இறங்கிவிடும். கடதாசிக்குக் குறுக்கே நீ கதைக்க முடியாது. ஆகவே அமைதியாக இருந்து வாசி.

நீ பார்த்துத் தந்த மாப்பிள்ளை ஜெனிஸ்ரனும் அவருடைய தாயும் போன கிழமை கனடாவிலிருந்து வந்து இறங்கினார்கள். லவீனாவுக்கு வருகிற ஆவணியில் முப்பத்திரண்டு முடிகிறது. முதல் வந்த சம்பந்தம் கொழும்பில் வீடு கேட்டுக் குழம்பியது. இரண்டாவது மாப்பிள்ளைக்கு லண்டனில் விசா இல்லை என்பது மோதிரத்துக்கு அளவு எடுத்த பிறகுதான் தெரிந்தது. இந்த முறை என்னால் ஒரு பிழையும் வந்துவிடக்கூடாது என்று யாகப்பர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். பெண் பார்க்க வீட்டுக்கு வாருங்கள் என்று தாயிடம் சொன்னேன். “இப்ப ஆர் அண்ணை வீட்டிலை பாக்கினம்? ரவுணிலை ஒரு நல்ல இடத்திலை சாப்பிட்டுக்கொண்டு கதைப்பம். பிள்ளையளுக்கும் கூச்சமிராது” என்றார். சரி என்றேன். தன்னுடைய தமையன் கொலின்ஸ், கொழும்பில் பெரிய சட்டத்தரணியாம், அவரும் பின்னேர ரயிலில் வந்து நேரே அங்கு சேருவார் என்றும், அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது என்றும் சொன்னார். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே உன் மச்சாள் எனக்குக் கட்டளை போட்டாள்: சத்தமாகக் கதைக்கக்கூடாது, விலை கேட்கக்கூடாது, பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற காலத்துக் கதை எதையும் எடுக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் மீறினேன். ஆனால் அதற்கு நான் பொறுப்பில்லை என்பதை நீ கடைசியில் ஒத்துக்கொள்வாய்.

அந்த இடம் புதிதாகத் திறந்த ஒன்று. உள்ளே இருட்டு. கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்தேன், அது அலங்காரமாம். எங்களைக் கவனித்தவர் மீசை வைத்த ஒரு வெயிற்றர், கிறிஸ்ரோபர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வாய் வைப்பதற்குள் வந்து “எல்லாம் ஓகேயா ஐயா?” என்பார். நண்டுக் காலை வாயில் வைத்திருப்பவன் என்ன பதில் சொல்வது? தலையை ஆட்டினேன். ஓகே இல்லை என்று விளங்கிக்கொண்டு அவர் மனேஜரைக் கூட்டிவந்தார். மனேஜரும் “எல்லாம் ஓகேயா?” என்றார். இதற்கிடையில் லவீனாவும் ஜெனிஸ்ரனும் தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கூச்சமிராது என்று சொல்லி வந்த இடத்தில் எங்கள் எல்லோருக்கும் கூச்சம். கொலின்சின் ரயில் பிந்தியது. பொறுத்துப் பார்த்து, அவரில்லாமலே சாப்பிட்டு முடித்தோம்.

பிறகு ஒரு தோல் மட்டைக்குள் பில் வந்தது. நான் கை வைத்தேன். ஜெனிஸ்ரனின் தாயும் கை வைத்தார். “பொம்பிளைப் பகுதி நாங்கள், நாங்கள்தான் குடுக்கவேணும்” என்றேன். “நாங்களெல்லோ அண்ணை கூப்பிட்டனாங்கள்” என்றார். நான் இழுத்தேன், அவரும் இழுத்தார். கனடாவில் இருந்தாலும் கையில் நல்ல பலம். பில் குறுக்கே கிழிந்தது. தொகை இருந்த மேல்பாதி அவர் கையில், கீழ்ப்பாதி என் கையில். நான் என் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் வங்கிக் காட்டை நீட்டிக் கணக்கை முடித்துவிட்டார். தங்கச்சி, பெண்ணைப் பெற்றவன், ஊர்க்காரன், வெறும் கீழ்ப்பாதியோடு இருந்தால் என்ன மரியாதை? இதில் இருப்பதையாவது நான் கட்டுகிறேன் என்று வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ‘பரிந்துரைக்கப்படும் மனமுவந்த அன்பளிப்பு’ என்று போட்டு, கீழே பத்து வீதம் நன்று, பதினைந்து வீதம் மிக நன்று, இருபது வீதம் அதிசிறப்பு என்று பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி அறிக்கைபோல அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முகப்படம். பத்து வீதத்தின் முகம் வயிற்றுக்குத்து வந்ததுபோல் இருந்தது. இருபது வீதத்தின் முகம் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தது. மனேஜரைக் கூப்பிட்டேன்.

“என்ன தம்பி உது?”

“அது ரிப்ஸ் ஐயா. கட்டாயமில்லை. நீங்கள் விரும்பினதைத் தெரிவு செய்யலாம்.”

“நான் விரும்பினது உதிலை இல்லையே.”

“பத்திலையிருந்துதான் ஐயா தொடங்கும்.”

“மேல்பாதியிலை சேவைக் கட்டணம் எண்டு ஒண்டு எடுத்திட்டியள், இந்த அம்மா காட்டினவ. அப்ப உது என்ன?”

“அது பொதுச் சேவை ஐயா. இது தனிப்பட்ட சேவை.”

“மனமுவந்து எண்டால் என்ரை மனமெல்லோ உவக்கவேணும். எவ்வளவு உவக்கும் எண்டு நீங்கள் முதலே அச்சடிச்சு வைச்சிருக்கிறியள்.”

கோயிலில் காணிக்கைப் பை வரும்போது சுவாமியார்கூட இத்தனை வீதம் போடு என்று கேட்பதில்லை, யேசுவின் முகம் சுருங்குவதாகப் படமும் கீறுவதில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் தலையை ஆட்டி ஆமோதித்ததால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பருத்தித்துறை பஸ்ஸில் நான் ஆட்களுக்கு ரிக்கற் கிழித்துக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது பத்தோ பதினைந்தோ இருபதோ விருப்பமானதைத் தாருங்கள் என்று முகப்படம் காட்டியிருந்தால் புத்தூர்ச் சந்தி தாண்டுவதற்குள் என்னை வெளியே தள்ளியிருப்பார்கள் என்றேன். உன் மச்சாள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். ஜெனிஸ்ரன் பாவம், எனக்கு விளங்கப்படுத்த முயன்றார்.

“அங்கை இது வழமை அங்கிள். காசு கட்டுற மெசினை எங்கடை பக்கம் திருப்பி வைப்பினம். பின்னாலை லைனிலை நிக்கிற ஆக்களும் பாத்துக்கொண்டு நிப்பினம்.”

“கோப்பி வாங்கினாலுமோ?”

“கோப்பி வாங்கினாலும்.”

“ஆர் ஊத்தித் தாறது?”

“சில இடத்திலை நாங்களேதான் ஊத்திக்கொள்ளுறது.”

நீ அங்கே இத்தனை வருடமாக உன் கோப்பியை நீயே ஊற்றி, அதற்கு உனக்குப் பதிலாக வேறொருவருக்கு அன்பளிப்பும் கொடுத்து வாழ்ந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை விடுகிறேன். தாயின் முகம் கறுத்துவிட்டது. “இருவதைக் குடுத்திட்டு வாங்கோ அண்ணை, சனம் பாக்குது” என்றார். கஞ்சன் என்று நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. சிசிலியா, நான் கஞ்சன் இல்லை. பரிமாறினவனுக்குச் சந்தோசம் என்று ஏதாவது கொடுப்பது நம் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் அது என் கையால் அவன் கைக்குப் போகவேண்டும். மனேஜரைக் கேட்டால், எல்லாம் ஒரு பொதுப் பெட்டிக்குள் போகும், பிறகு பங்கு பிரிப்போம் என்கிறார். எந்தப் பெட்டி என்றால் கையை எங்கேயோ காட்டுகிறார். அப்போதுதான் லவீனா முதன்முதலாக வாய் திறந்தாள். “அப்பா, அந்த அண்ணையின்ரை கையிலை குடுத்திட்டு வாங்கோ, போவம்” என்றாள். அதுதான் சரி என்று எழும்பினேன். வாசிப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்துபோனேன். அந்தக் கண்ணாடியோடு தூரத்தில் பார்த்தால் எனக்கு ஆளும் தூணும் ஒன்று. அதற்கு மேல் அந்த அலங்கார இருட்டு.

காசு வாங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக ஒருவர், கையில் மெனு அட்டையோடு, யாரையோ தேடுவதுபோல நின்றார். முகத்தில் மீசை மாதிரி ஒரு கறுப்பும் தெரிந்தது. நேரே போய் ஒரு பெரிய தாளை மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தேன். இருபது வீதத்துக்கும் மேலே, அந்த முகப்படத்துக்கே பல் போதாது. முதுகில் தட்டி, “நல்லாய்க் கவனிச்சீர் தம்பி. அந்த மனேஜருக்குக் காட்டாதையும், உம்மடை பிள்ளையளுக்கு ஏதும் வாங்கிக் குடும். ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையும். அடிக்கடி வந்து வந்து கேக்கிறதை மட்டும் குறைச்சீரெண்டால் இன்னும் முன்னுக்கு வருவீர்” என்றேன். அவர் தன் சட்டைப் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெகிழ்ந்துபோனார் என்று நினைத்து, “மேசையிலை மிஞ்சின நண்டை ஒருக்கால் கட்டித் தாரும்” என்றும் சொன்னேன். அவர் “ஓம்” என்றார். பிறகு, கொஞ்சம் யோசித்து, “நீங்கள் ஆர்?” என்றார்.

“அண்ணை, எப்ப வந்தனியள்?” என்று எனக்குப் பின்னால் ஜெனிஸ்ரனின் தாய் கேட்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். கழற்றியிருக்கவே தேவையில்லை. சட்டத்தரணி கொலின்ஸ் என் காசோடும் மெனு அட்டையோடும் நின்றார். தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ரை அண்ணையை வெயிற்றர் எண்டு நினைச்சிட்டியளோ?” என்றார். அவமானம் குறையட்டும் என்று நல்லெண்ணத்தோடுதான், “வெயிற்றரெண்டால் என்ன குறைவு, அவரும் உங்கடை அண்ணையைப்போலை கறுப்புப் போட்டு நிண்டு கதைச்சுக் காசு வாங்கிறவர்தானே” என்றேன். உன் மச்சாள் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினாள். நம்முடைய மகள் என்ன செய்தாள் தெரியுமா? வாயைப் பொத்திக்கொண்டு, கரண்டி விழுந்துவிட்டதாகச் சொல்லி மேசைக்குக் கீழே குனிந்தாள். ஜெனிஸ்ரனும் தேடித் தருகிறேன் என்று கீழே போனார். ஒரு கரண்டியைத் தேட இரண்டு பேரா? மேசை குலுங்கியது. தகப்பன் மானம் போய் நிற்கிறான், இதுகள் அங்கே கரண்டி தேடுதுகள். அந்த நேரம் பார்த்து உண்மையான கிறிஸ்ரோபர் உள்ளேயிருந்து வந்து, மிகுந்த பணிவோடு, “எல்லாம் ஓகேயா ஐயா?” என்றார்.

ஓட்டோவுக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த காசை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். குருநகர் வரைக்கும் நடைதான். உன் மச்சாள் புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எனக்குப் பத்து அடி முன்னால் நடந்தாள். லவீனா எனக்குப் பக்கத்தில் வந்தாள். “பரவாயில்லை அப்பா” என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, சிசிலியா. முதல் இரண்டு தரமும் பிழை மாப்பிள்ளை வீட்டாரில் இருந்தது. அப்போதும் அவள் இதையேதான் சொன்னாள். இந்த முறை குழப்பினவன் நான். மறுநாள் இடையில் நின்ற கலியாணத் தரகர் அழைப்பு எடுத்து, அவர்களுக்கு இந்தச் சம்பந்தம் சரிவராதாம், பழக்கவழக்கம் ஒத்துப்போகாதாம் என்று சொன்னார். இதைச் சொன்னதற்குத் தனக்கு ஏதாவது பார்த்துச் செய்யும்படியும் கேட்டார்.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். அந்த அம்மாவுக்கு உடனே அழைப்பு எடுத்து, அவர்கள் வேண்டாம் என்பதற்கு முன்பே நாங்கள் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டோம் என்று சொல். கரண்டி விழுந்தால் மேசைக்குக் கீழே போகிற மாப்பிள்ளை எங்களுக்குத் தேவையில்லை. வெளிநாட்டுச் சம்பந்தம் இனி இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது. உள்ளூரில், பில் இல்லாத கடையில் பிளேன்ரீ குடிக்கிற ஒருவனை நானே பார்த்துக்கொள்வேன். நீ இதில் இனித் தலையிட வேண்டாம். அந்தச் சட்டத்தரணியின் பெயரை என் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

மடு மாதாவும் சந்த யாகப்பரும் உன்னையும் மச்சானையும் பிள்ளைகளையும் குளிரிலிருந்தும் மெசினிலிருந்தும் காப்பார்களாக. உன் மச்சாள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்னை அவள் இன்னும் விசாரிக்கவில்லை.

கோபத்திலும் பாசம் குறையாத அண்ணன்,
மரியரட்ணம்

பி.கு.: திங்கள் காலை. உறையில் விலாசம் எழுதி முத்திரையும் ஒட்டி, கடிதத்தை உள்ளே வைக்கிற நேரம் வாசலில் வான் வந்து நின்றது. கொலின்ஸ், தாய், ஜெனிஸ்ரன். கொலின்ஸ் கதிரையில் இருந்த உடனே சொன்னார்: “நாப்பது வருசமாக் கோட்டிலை நிண்டிட்டன் மரியரட்ணம். வெண்டவனும் அழுதழுதுதான் காசு தந்தவன், தோத்தவனும் அழுதழுதுதான் தந்தவன். நல்லாய்ச் செய்தீர் எண்டு முதுகிலை தட்டித் தந்த ஆள் நீர் ஒராள்தான். உம்மடை காசைத் திருப்பித் தரமாட்டன்.” லவீனாவும் ஜெனிஸ்ரனும் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். லவீனா இல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்று அவர் தாயிடம் சொல்லிவிட்டாராம். தாய் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, என்னைப் பார்க்காமல், “சுவாமியாரிட்டைத் திகதியைக் கேளுங்கோ” என்றார். கலியாணம் தை மாதத்தில். நீ ஒரு மாதம் முந்தியே வந்து நிற்கவேண்டும். இவ்வளவு நல்ல சம்பந்தம் பார்த்துத் தந்ததற்கு உனக்கு நானும் உன் மச்சாளும் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம். முத்திரையை வீணாக்க மனமில்லாததால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். நீ தயவுசெய்து இதை மேலிருந்து வாசிக்காமல், பி.கு. என்ற இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கவும்.